துப்பாக்கியின் மூன்று பாகங்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மலை உச்சியில் மேகம், ஆனால் மழைக்கான மேகம் இல்லை. பி.பி. மாத்திரை ஒரு அட்டைதான் பாக்கி.

வெளியே யாரும் கேட்கப் போவதில்லை, ஆகவே இங்கேயாவது ஒன்றைத் திருத்தி எழுதி வைக்கிறேன். நான் எதிரில் உட்கார்ந்ததால் நித்யாவின் சம்பந்தம் தட்டிப்போனது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. என் நெற்றியில் பொட்டு இல்லாததற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் பேசியதால் தட்டிப்போனது. பழி சொல்கிறவர்கள் சரியான பழியைச் சொல்லட்டும்.

நடந்தது இதுதான். போன மாதக் கடைசி ஞாயிறு, கீழ்பென்னாத்தூரில் என் கொழுந்தன் முருகேசன் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். பெண் நித்யா, அவருடைய ஒரே மகள், அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பையன் கார்த்திக், சென்னை, கம்ப்யூட்டர் வேலை. உடன் அவன் அப்பா ஏகாம்பரம், அம்மா, தரகர்.

நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். என் கணவர் போன பிறகு இதுபோன்ற இடங்களில் பின்கட்டோடு சரி. கொழுந்தன் மனைவி தனம் கேட்கவில்லை.

"அவங்க இங்கிலீஷ்ல பேசுவாங்களாம்க்கா. எங்க பக்கம் பேச யார் இருக்காங்க? நீங்க கூடத்துலதான் உக்காரணும்."

நாத்தனார் விஜயாவுக்கு முகம் சரியில்லை. "வர்றவங்க கண்ணுல மொதல்ல அண்ணி பட வேணாம். உள்ள இருந்துட்டு அப்பறமா வந்து பேசட்டுமே."

தனம் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கேசரி, பஜ்ஜி, காபி. நித்யா வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். பையனையும் அவளையும் தோட்டத்தில் சிறிது நேரம் பேச விட்டார்கள். இருவரும் திரும்பி வந்தபின் ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மேடம், லாக், ஸ்டாக், பேரல், எதுவும் எங்களுக்கு வேண்டாம். பெண் மட்டும் போதும். லாக் என்னும்போது கதவின் பூட்டைக் காட்டினார். ஸ்டாக், மூலையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள். பேரல், முற்றத்தில் இருந்த நீல நிறத் தண்ணீர் டிரம்.

நான் சிரித்துக்கொண்டே, ஆங்கிலத்தில்: மன்னிக்கவும், மிஸ்டர் ஏகாம்பரம். அது வீட்டுப் பூட்டும் அல்ல, தண்ணீர் டிரம்மும் அல்ல. மூன்றும் ஒரு துப்பாக்கியின் பாகங்கள்; சேர்த்துச் சொன்னால் ஒன்று விடாமல் முழுவதும் என்று பொருள். லாக் என்பது சுடும் விசை, ஸ்டாக் மரக்கட்டை, பேரல் குழல். ஒரு சொற்றொடரைப் பயன்படுத்தும் முன் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. நாங்கள் இதை ஏழாம் வகுப்பில் படித்துவிட்டோம்.

அவர் சிரித்த முகம் அப்படியே நின்றது. பையன் குனிந்து தன் காலைப் பார்த்தான். கூடத்தில் வேறு யாருக்கும் புரியவில்லை. அவர்கள் போனதும் கொழுந்தன் சொன்னார்: "அண்ணி இங்கிலீஷ்ல பிச்சு உதறிட்டாங்க."

அந்த வாரக் கடைசியில் தரகர் மூலம் சேதி. ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லையாம். இந்தப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், பிறகு கிரகங்கள் மேல் போட்டுவிடுவார்கள். பொருத்தம் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் வேறு காரணம் தேடினார்கள். தேட அதிக நேரம் ஆகவில்லை. வாசலைப் பார்த்து நாற்காலியில் நான் இருந்தேனே.

ஆடி பிறக்கப்போகிறது. ஆடியில் பேச்சு நிற்கும். ஆவணியில் அவர்கள் வேறு பெண் பார்ப்பார்கள்.

துணிக்கு நீலம் வாங்க மறந்துவிட்டேன்.


ஜூலை 8, செவ்வாய்

வெயில். பால் திரிந்தது. பால்காரியிடம் கேட்டால், "மாடு என்னாமா பண்ணும், வெயிலக் கேளு" என்கிறாள்.

பதினொரு மணிக்குத் தனம். கண் டாக்டரைப் பார்க்க வந்தவள், ஒரு பை பச்சை வேர்க்கடலையோடு இங்கே வந்தாள்; இந்தப் பக்கத்தில் மல்லாட்டை. வேகவைக்கக் குக்கரை அவளே எடுத்துக்கொண்டாள். எத்தனை விசில் என்று நான் சொல்ல, அவள் அதைக் கேட்காமல் இன்னும் இரண்டு விட்டாள். சரியாகத்தான் வெந்திருந்தது.

விஜயா பேசியதையெல்லாம் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் மூன்று முறை சொன்னாள்.

"சம்பிரதாயம் தெரியாத பொம்பளையாம் நானு. பெத்த பொண்ணு வாழ்க்கையில நானே மண்ண வாரிப் போட்டுட்டேனாம். இவருகூட ரெண்டு நாளா சரியா பேசல."

"முருகேசனா?"

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. சோத்தப் போட்டா சாப்புடறாரு, எழுந்து போறாரு. அதான் ஜாஸ்தி கஷ்டமா இருக்குது." மல்லாட்டைத் தோலை உரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். "சொல்லிட்டுப் போறாங்கக்கா. நாளைக்கு வேற இடம் வந்தாலும் அதே எடத்துலதான் உங்களுக்கு நாற்காலி போடுவேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆரம்பித்தேன். "தனம், அன்றைக்கு அந்த மனிதரிடம் நான்..." அடுத்த ஈட்டுக்கு வைத்திருந்த குக்கர் கத்தியது. எழுந்து போனாள். திரும்பி வந்தபோது நான் அவளுடைய மருந்துச் சீட்டைப் பார்த்து, சொட்டு மருந்தை எந்தக் கண்ணில் விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு நினைவுக்கு வந்தது: ஃப்ளாஷ் இன் த பேன். கான்வென்ட்டில் எங்கள் ஆங்கில டீச்சர் சிஸ்டர் ஜோசபின் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியது. பழைய துப்பாக்கியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில் கொஞ்சம் வெடிமருந்து. சில சமயம் அந்த மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும். குண்டு உள்ளேயே இருக்கும்.

இன்று என் கதை அது.

சிஸ்டர் சொற்றொடர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். கப்பல், சமையலறை, குதிரை, ஆயுதம். ஆயுதக் குடும்பம் எனக்கு மட்டும் தடையில்லாமல் வரும். வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிப்பேன். இப்போதும் வருகிறது:

பாயிண்ட் பிளாங்க். குறி பார்க்கவே வேண்டாத அளவு கிட்டத்தில் நின்று சுடுவது.
ஹாஃப் காக்ட். விசையைப் பாதி இழுத்த நிலையில், வெடிக்கக்கூடாத நேரத்தில் வெடிப்பது.
டு த ஹில்ட். கைப்பிடி வரை வாளைச் செருகுவது.
பார்ட்டிங் ஷாட். போகிற போக்கில் திரும்பிச் சுடுவது. குதிரையில் தப்பி ஓடுகிறவர்கள் பின்னால் திரும்பி அம்பு விட்டதிலிருந்து வந்தது என்பார் சிஸ்டர். சரியா தெரியாது.

ஏழாம் வகுப்பில் படித்துவிட்டோம் என்று கடைசியாகச் சொன்னேனே, அது இதில் எது? அதற்கு எந்தத் தேவையும் இல்லை. பாகங்களைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.


ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

தெரு முழுக்கக் கிரிவலம் போகிறவர்களின் கால்கள். ஆட்டோ கிடையாது, ஒலிபெருக்கி மட்டும் உண்டு. காணாமல் போன ஒரு அம்மாவின் பெயரை மூன்று மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் வாசற்படியில் ஒரு கணவன் மனைவி இளைப்பாறினார்கள்.

"இன்னும் மூணு லிங்கம் இருக்குது. சுத்தி முடிச்சா எல்லா நோவும் போயிடும்."

"உன் வாயும் சரியாயிடுமா?"

"அதுக்கு வேற மலை பாக்கணும்."

ஐந்து மணிக்கு நித்யா. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள். பள்ளியிலிருந்து நேராக. கையில் திருத்தாத கணக்குத் தாள்கள். முகத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது."

"கேள்வியைப் பொறுத்து."

"அன்னிக்கு அவங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

தோட்டத்தில் பேசிய அந்தக் கொஞ்ச நேரத்தில் இருவரும் நம்பர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு. நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது." சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு அன்று நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கார்த்திக் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் என்ன சொல்வேன் என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள்.

"அவரு கார்லயே சொல்லிப் பாத்துனு வந்தாராம் பெரியம்மா. பொண்ணோட பெரியம்மா கான்வென்ட்டு, நாம நல்ல இங்கிலீஷ்ல சொல்லணும்னு. திண்டிவனம் தாண்டினதுலேர்ந்து லாக் ஸ்டாக் பேரல், லாக் ஸ்டாக் பேரல்னு. அவங்க அம்மாகூட கிண்டல் பண்ணாங்களாம், பரீட்சைக்கா போறோம்னு."

மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பினேன்.

"ஃபிட்டரா வேலைல சேந்தவரு. இங்கிலீஷ் பேப்பர் படிச்சுப் படிச்சு அவராவே கத்துக்கினது. இப்ப பேப்பரையே நிறுத்திட்டாராம். கேட்டா கண்ணு செரியா தெரியலன்றாராம்."

"அவர் சொன்ன பொருள் தவறுதான், நித்யா." இதைச் சொன்னேன். இந்த நேரத்திலும் இதைச் சொன்னேன்.

"தெரியும் பெரியம்மா. கூகுள்ல பாத்தேன். நீங்க சொன்னதுதான் கரெக்ட்டு." தாள்களை எடுத்து அடுக்கினாள், திரும்பக் கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். "அதனால?"

நழுவி விழுந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்குப் புடிச்சிருந்துது பெரியம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தண்ணீர் கொண்டு வரவாவது எழுந்திருப்பேன்.

காபி கொடுத்தேன். பாதி குடித்தாள். கும்பலில் அவள் தலை தெரிந்த வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீர் வேண்டாம், நகை வேண்டாம், பாத்திரம் பண்டம் வேண்டாம். இதைச் சொல்ல ஒரு மனிதர் வழி முழுவதும் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார், அதுவும் எனக்காக. நான் வாக்கியத்தின் காதைப் பிடித்துத் திருகினேன். கொழுந்தனுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அன்று சாயங்காலமே சொன்னார்: "எதுவும் வேணாம்னு கை காட்டிட்டாரு, நல்ல மனுஷன்." நான் அப்போதும் துப்பாக்கியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒலிபெருக்கியில் அந்த அம்மா கிடைத்துவிட்டார்.


ஜூலை 11, வெள்ளி

மாத்திரை வாங்கியாயிற்று. காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர். திரும்பிப் போகிற பௌர்ணமிக் கூட்டம், செஞ்சி வரை நிற்க வேண்டியவர்கள், என் மேல் சாய்ந்து தூங்கினார்கள். சாயட்டும்.

கொழுந்தன், தனம், விஜயா. விஜயா இருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. இருந்தது நல்லதுதான் என்று நினைத்தேன். உட்காராமலே சொன்னேன். நித்யாவின் ஃபோன் விஷயத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், தமிழில், மெதுவாக. பழி தனத்தின் மேல் இல்லை, நாற்காலி மேல் இல்லை, என் வாயின் மேல்.

கொழுந்தன் தலையை ஆட்டினார். "அண்ணி, நான் பக்கத்துலதானே உக்காந்துனு இருந்தேன். நீங்க சிரிச்சுனுதான் பேசினீங்க. அவரும் சிரிச்சாரு."

"சிரித்துக்கொண்டே சொல்லத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், முருகேசன்."

"உடுங்கண்ணி. தனத்துமேல யாரும் கோவமா இல்ல."

விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வேறு. "அண்ணிக்கு எவ்ளோ பெரிய மனசு பாரு. பழிய எடுத்துத் தன் தலைமேல போட்டுக்கறாங்க. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கா சம்பந்தம் நின்னு போவும்? யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க. சகுனம் சகுனம்தான். தெரியாதவ ஒருத்தி உங்களக் கொண்டுபோய் அங்க உக்கார வச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

இந்தக் குடும்பத்துக்கு நான் வந்ததிலிருந்து விஜயா என்னைப் பாராட்டியதில்லை. இன்று பாராட்டினாள். உண்மையைச் சொன்னதற்கு, பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

தனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூட வந்தாள். உரக்கடை தாண்டினதும் கேட்டாள்.

"இங்கிலீஷ்ல குத்தினா ரத்தம் வராதுனு நெனச்சீங்களாக்கா?"

நம்பியவள் இவள் ஒருத்திதான்.

"அந்த நேரத்தில் ஒன்றும் நினைக்கவில்லை, தனம்."

"நீங்க நெனைக்காம ஒண்ணும் பேசமாட்டீங்களே." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க வீட்லயும் படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, எங்கள ஏதோ காட்டுல கெடக்கறவங்கனு நெனைக்காதீங்கனு காட்டத்தான் உங்கள அங்க உக்கார வச்சேன். அவ்ளோ ஆசையா."

"தெரியும்."

"செவ்வாக்கிழம வந்தேனே. அப்பவே ஏன் சொல்லல?"

பஸ் வந்துவிட்டது. நான் ஏறும்போது புடவை மடிப்பு படியில் மாட்டியது. குனிந்து எடுத்துவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம், "அவங்களுக்கு சீட்டு பாத்துக் குடுப்பா" என்றாள். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுங்க என்று எப்போதும் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

வந்து சேர்ந்தேன். ஃபோன் பண்ணவில்லை.


ஜூலை 12, சனி

எண்ணெய் ஸ்நானம் இல்லை. தலை கனம்.

யோசித்துப் பார்த்ததில்: என் வாயால் சொல்லிப் பயனில்லை. நித்யாவின் ஃபோனைக் காட்ட முடியாது. தரகர் ஜாதகத்தைத்தான் சொல்வார், அது அவர் தொழில். காரணம் நான் பேசியதுதான் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான், ஏகாம்பரம். அவரிடம் கேட்பதென்றால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியதுதான், எப்படியும்.

காலை முழுவதும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தபோது அதிகாரிகளின் கடிதங்களைத் திருத்தியவள் நான். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

முதல் கடிதம்: புல்லட்டைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று ஆரம்பித்தது. பைட் த புல்லட். மயக்க மருந்து இல்லாத காலத்தில், காயம்பட்ட சிப்பாய் வலி தாங்க ஈயக் குண்டைப் பல்லில் கடித்துக்கொண்டானாம். அப்படியானால் வலி எனக்கு, அவருக்கு அல்ல. கிழித்தேன்.

இரண்டாவது: ஹாஃப் காக்ட் ஆக வெடித்துவிட்டேன். பொய். தவறி வெடித்தது இல்லை. நன்றாகக் குறி பார்த்து, சிரித்து, நிதானமாகச் செய்தது. இந்த வாக்கியம் துப்பாக்கியைக் குற்றம் சொல்லுகிறது, சுட்டவளை விட்டுவிடுகிறது. கிழித்தேன்.

மூன்றாவது: சொல்லின் மூலம் பற்றிய என் கருத்தில் ஸ்டிக் டு மை கன்ஸ், ஆனாலும்... அந்த "ஆனாலும்" வரை கூடப் போகவில்லை. எதிரி நெருங்கினாலும் பீரங்கியை விட்டு ஓடாத சிப்பாய்களைப் பற்றியது அது. எதிரி யார்? பழத்தட்டோடு வந்த ஒரு மனிதர்.

பரி த ஹாட்செட், கோடரியைப் புதைப்போம். அதுவும் சரிவரவில்லை. இரண்டு பேர் கையிலும் ஆயுதம் இருந்திருந்தால்தான் புதைப்பதைப் பற்றிப் பேசலாம்.

இந்தச் சொற்றொடர்களை இத்தனை வருடமாக அலமாரியில் பித்தளைச் சாமான் மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் பாதி, யாரையாவது அடிக்க உண்டானது. அதில் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் அமையவில்லை. மொழியின் தவறு என்று சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களும் அதில் இருக்கத்தான் செய்யும். நான் அவற்றைப் பழகியதில்லை.

தமிழிலும் நான் அப்படித்தான் என்று என் கணவர் சொல்வதுண்டு. "உன்கிட்ட ஒரு சொல் கேட்டா குண்டத் தூக்கிப் போடற." சிரித்துக்கொண்டு சொல்வார். ஒரு தடவை சிரிக்காமல் சொன்னார். அப்போது அவர் சொன்ன வாக்கியத்தில் என்ன பிழை என்று பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எதற்காகச் சொன்னார் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

மதியம் ரசம் சோறு. உப்பு கம்மி.


ஜூலை 13, ஞாயிறு

மழை, கடைசியில். மாடித் துணி நனைந்தது. தெருவில் விபூதி, வாழைத்தோல், பௌர்ணமிக் குப்பை எல்லாம் ஒன்றாக ஓடியது.

தனத்துக்கு நானே ஃபோன் செய்தேன். முருகேசன் எடுத்தார். "தோட்டத்துல இருக்கா அண்ணி." மழையிலா என்று கேட்கவில்லை.

நித்யாவிடம் விலாசம் கேட்டு மெசேஜ். உடனே அனுப்பினாள். கூடவே, "பெரியம்மா, எனக்காக எழுதாதீங்க, அம்மாவுக்காக எழுதுங்க." எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் பரவாயில்லை.

தமிழில் ஆரம்பித்தேன். முதலில் ஆபீஸ் தமிழாக வந்தது. மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு. அடித்தேன். நேரில் உட்கார்ந்து சொல்வது மாதிரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மூன்று தடவை படி எடுத்தேன்.


ஜூலை 14, திங்கள்

தபாலாபீஸ் திறந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆடிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்றார்கள். எழுதியதன் படி இங்கே:

மதிப்பிற்குரிய திரு. ஏகாம்பரம் அவர்களுக்கு,

நான் நித்யாவின் பெரியம்மா. அன்று கூடத்தில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவள். எதுவும் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். நல்ல சொல். அதற்குக் கை கூப்பியிருக்க வேண்டும். உங்கள் மனைவி, மகன் முன்னால் உங்களைத் திருத்தினேன். ஏழாம் வகுப்பு என்று ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன். அது உங்களைச் சிறுமைப்படுத்தச் சொன்னது. வேறு காரணம் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

நான் என்ன சொன்னேன் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கணவரை இழந்த என்னை முன்னால் உட்கார வைத்ததால்தான் நீங்கள் வேண்டாம் என்றீர்கள் என்று நினைக்கிறார்கள். உட்கார வைத்தவள் என் ஓரகத்தி தனம், பெண்ணின் அம்மா. வீட்டில் எல்லோருடைய ஏச்சையும் அவள் வாங்கிக்கொள்கிறாள். நான் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளைத் தவிர யாரும் நம்பவில்லை.

காரணம் ஜாதகம்தான் என்றால் அப்படியே சொல்லுங்கள். நான் பேசியதுதான் என்றால் அதைச் சொல்லுங்கள், தனம் அதை வீட்டில் காட்டட்டும். பெண்ணையும் அவள் பெற்றவர்களையும் பற்றி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மேற்கொண்டு பேச உங்களுக்கு மனம் இருந்தால், நான் வரக்கூடாது என்றாலும் சரி, வந்து ஒரு மூலையில் பேசாமல் உட்கார வேண்டும் என்றாலும் சரி, கட்டுப்படுகிறேன்.

தரகரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். ஃபோனும் வேண்டாம். தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினால் மகிழ்வேன். தயவுசெய்து உங்கள் கையால் எழுதிப் பதில் அனுப்புங்கள்.